ஓசூரில் ஒரு யானைப் பொறி

சதுரங்கத்தில் ‘யானைப் பொறி’ என்று ஒன்று உண்டு. பேரைச் சொன்னதும் ஓசூர்க்காரர்கள் சானமாவுக் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். வேண்டாம். ராகி முற்றும் நேரம் பார்த்துப் பன்னேர்கட்டாவிலிருந்து கிளம்பி, ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை என்று விருந்து சாப்பிட்டுக்கொண்டே வரும் அந்தக் கூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்தப் பொறியில் யானையே நகர்வதில்லை. நம் வீட்டுப் பலகையில் யானை என்று சொல்கிற மூலைக் காய்கள் நான்கும், அமளி அடங்கும்வரை நின்ற இடத்தில் நின்று வேடிக்கை பார்க்கின்றன. மாட்டிக்கொண்டு முழிப்பது எப்போதும் வெள்ளை.

பதிவான ஆட்டங்களில் இதில் முதலில் விழுந்தவராகச் சொல்லப்படுபவர் கார்ல் மாயெட். ஊர் பெர்லின், வருஷம் 1848. எதிரே கறுப்புக் காய்களோடு உட்கார்ந்திருந்தவர் டேனியல் ஹார்விட்ஸ். மாயெட் ஏமாளி இல்லை. வக்கீல், பின்னாளில் நீதிபதி. பெர்லின் சதுரங்கத்தின் ‘ஏழு நட்சத்திரங்கள்’ என்று கொண்டாடப்பட்டவர்களில் ஒருவர். அந்த வருஷம்தான் பெர்லின் தெருக்களில் புரட்சி நடந்தது, மக்கள் தடுப்புச் சுவர் எழுப்பி ராஜாவையே இறங்கிவர வைத்தார்கள். அப்படிப்பட்ட வருஷத்திலும் இரண்டு பேர் பலகை போட்டு உட்கார்ந்து, அதில் ஒருவர் வசமாக ஏமாந்திருக்கிறார் என்றால் சதுரங்கக்காரர்களை எந்தப் புரட்சியும் திருத்தாது என்று தெரிகிறது.

ஆனால் முதலில் விழுந்த பெருமையை பெர்லினுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. அதற்குச் சரியாக 80 வருஷம் முன்னால், 1768இல், இதே பொறியை ஓசூருக்கும் பாகலூருக்கும் நடுவில் ஆடிக் காட்டியிருக்கிறார்கள். அங்கேயும் மாட்டியது வெள்ளைதான். கறுப்புக் காய்களை நகர்த்தியவர் ஹைதர் அலி.

முதலில் பலகையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இரு பக்கமும் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள். வெள்ளை, அதற்குப் பக்கத்துச் சிப்பாயையும் தள்ளிக் கறுப்புச் சிப்பாயை உரசுகிறது. கறுப்பு அசரவில்லை. ராஜாவின் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி நடுச் சிப்பாய்க்குத் துணை வைக்கிறது. ஆளுக்கொரு குதிரை வெளியே வருகிறது. அடுத்து வெள்ளையின் பிஷப் ஒரே தாவில் போய்க் கறுப்புக் குதிரையை முறைத்துக்கொண்டு நிற்கிறது. குதிரைக்கு நேர் பின்னால் கறுப்பு ராணி. குதிரை விலகினால் ராணி காலி. அதாவது, குதிரையைக் கட்டிப்போட்டாயிற்று.

கறுப்பு இப்போது தன் இன்னொரு குதிரையைத் தன் ராணிக்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும். நடுச் சிப்பாயைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ராணியின் கண்ணை இந்தக் குதிரை மறைத்துவிட்டது. வெள்ளைக்கு நாக்கில் நீர் ஊறுகிறது. நடுவில் சிப்பாய்க்குச் சிப்பாய் மாற்றிக்கொண்டு விரல் விட்டு எண்ணுகிறது: அங்கே நிற்கும் கறுப்புச் சிப்பாய்க்கு ஒரே காவல், கட்டிக்கிடக்கும் குதிரை. கட்டிக்கிடக்கும் குதிரையால் காவல் காக்க முடியாது. ஆகவே சிப்பாய் சும்மா கிடக்கிறது. உடனே தன் குதிரையை எடுத்து டக்கென்று அதை வெட்டுகிறது.

கட்டிக்கிடந்த குதிரை நகர்கிறது. வெள்ளைக் குதிரையை வெட்டி எறிகிறது.

வெள்ளைக்கு ஆனந்தம். “ஐயோ பாவம், ராணியை மறந்துட்டீங்களே” என்று துக்கம் விசாரித்தபடி பிஷப்பால் ராணியைத் தூக்குகிறது. அப்போதுதான் கறுப்பின் பிஷப் மெதுவாக மூலைவாட்டில் வந்து “ஷெக்” என்கிறது. அந்த வழியில் முன்பு வெள்ளைக் குதிரை நின்றிருந்தது. அதுதான் இலவசச் சிப்பாயைத் தின்னப் போய்ச் செத்துவிட்டதே. ராஜாவுக்கு ஓட இடமில்லை. ஷெக்கை மறைக்க ஒரே ஒரு ஆள்தான் பாக்கி: வெள்ளையின் சொந்த ராணி. அது நடுவில் போய் நின்று உயிரை விட, கணக்குத் தீர்கிறது. ராணிக்கு ராணி போச்சு, பிஷப்புக்கு பிஷப் போச்சு. எல்லாம் கழித்துப் பார்த்தால் வெள்ளைக்குக் கிடைத்தது ஒரு சிப்பாய், போனது ஒரு குதிரை.

இதில் கறுப்பு ஆடிய ஒரு நகர்வுகூடத் தில்லுமுல்லு இல்லை. 1927இல் புவெனஸ் ஐரிஸில் கபப்ளாங்காவும் அலேகினும் உலகப் பட்டத்துக்கு 34 ஆட்டம் ஆடினார்களே, அதில் 32 ஆட்டம் இந்தத் தொடக்கத்தைச் சேர்ந்தவைதான். இரண்டு பேரும் அந்தச் சிப்பாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. தொட்டால் சுடும் என்று தெரிந்தவர்கள். தெரியாதவர்களுக்குத்தான் வரலாறு.

இனி 1768.

அப்போது சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கவுன்சில். கவர்னர் சார்லஸ் பௌச்சியர். இவர்களுக்கு மைசூர் வேண்டியிருந்தது. ஹைதர் அலி ஆண்டுகொண்டிருந்தது ஒரு சின்ன இடைஞ்சல். போதாததற்கு ஹைதராபாத் நிஜாம் வேறு. 1767இல் கம்பெனியோடு சேர்ந்து மைசூர் மேல் படையெடுத்துக் கிளம்பியவர், போகிற வழியில் ஹைதரோடு பேசி முடித்து அந்தப் பக்கம் சாய்ந்தார். செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் இருவரும் சேர்ந்து கர்னல் ஜோசப் ஸ்மித்திடம் உதை வாங்கினார்கள். 1768 பிப்ரவரியில் நிஜாம் மறுபடி கம்பெனியோடு கைகுலுக்கி ஒப்பந்தம் எழுதினார். ஒரே ஆட்டத்தில் வெள்ளை, கறுப்பு, மறுபடி வெள்ளை. அந்த ஒப்பந்தத்தில் ஹைதர் ஒரு கலகக்காரர், நாட்டை அபகரித்தவர் என்று அறிவித்து, மலைக்கு மேலே ஹைதர் ஆண்டுகொண்டிருந்த நாட்டின் திவானி உரிமையைக் கம்பெனிக்குத் தாராளமாக எழுதிக் கொடுத்தார் நிஜாம். தன் கையில் ஒரு காணி இல்லாத சீமைக்குப் பட்டா போட்டுக் கொடுத்த முதல் தாசில்தார் அவர்தான்.

கம்பெனி அந்தப் பட்டாவை நம்பியது. அதைவிட அதிகமாக நம்பியவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. பிடிக்கப்போகும் மைசூரை நிர்வாகம் செய்யத் தன்னை விட்டால் ஆள் ஏது என்று பரிவாரத்தோடு படைக்குப் பின்னாலேயே கிளம்பிவிட்டார். கவுன்சிலும் சும்மா இருக்கவில்லை. தளபதி ஸ்மித் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஜான் கால், மெக்கே என்று இரண்டு உறுப்பினர்களைப் போர்க்களத்துக்கே அனுப்பியது. இவர்களுக்குக் ‘களப் பிரதிநிதிகள்’ என்று பட்டம். ஆட்டம் ஆடுபவரின் தோளுக்குப் பின்னால் நின்று “அந்தக் குதிரையை எடு, இந்தச் சிப்பாயை வெட்டு” என்கிற ஆட்கள் எல்லா டீக்கடையிலும் உண்டு. கம்பெனி அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது.

இத்தனை பேர் கூட இருந்தும் ஸ்மித் சமாளித்தார் என்பதுதான் ஆச்சரியம். 1767இல் ஏறிப் பிடிக்கப் பார்த்து முடியாமல் போன கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, 1768 மே மாதம், உள்ளே சோறு தீர்ந்ததும், இறங்கிவந்தது. அந்தப் பாறையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஏறிப் பிடிக்க ஏற்ற இடமில்லை அது, பட்டினி போட ஏற்ற இடம். முல்பாகல், கோலார் என்று மேலே ஏறி, ஜூலையில் ஓசூரும் கம்பெனி கைக்கு வந்தது. தெற்கே கர்னல் வுட் என்பவர் ஈரோடு, கோயம்புத்தூர், திண்டுக்கல் என்று வரிசையாகக் கோட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அங்கெல்லாம் எதிர்ப்பு அதிகம் இல்லை. இல்லாத எதிர்ப்பை முறியடித்து ஜெயித்த தளபதிக்குத் தன்னைப் பற்றி என்ன எண்ணம் வருமோ, அது வுட்டுக்கு வந்தது. அவரைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்.

ஆகஸ்டில் ஹோஸ்கோட்டே பக்கம் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது, அதில் நிஜ யானை வருகிறது. ஆந்திரப் பக்கத்துக் குத்தியை ஆண்ட மராட்டியத் தலைவர் மொராரி ராவ் கம்பெனிக்குத் துணையாக வந்து, ஸ்மித்தின் முகாமுக்குக் கொஞ்சம் தள்ளிக் கூடாரம் அடித்திருந்தார். தனியாகக் கிடக்கிற காய் என்று ஹைதர் ராத்திரியோடு ராத்திரியாகப் பாய்ந்தார். மொராரி ராவ் பழம் தின்று கொட்டை போட்டவர். “யாரும் குதிரை மேல் ஏறாதே, அவரவர் குதிரைக்குப் பக்கத்தில் நில். இருட்டில் எவன் குதிரை மேல் தெரிகிறானோ அவன் எதிரி, வெட்டு” என்று ஒரே உத்தரவு. இதற்கு நடுவில் அவருடைய பட்டத்து யானைக்குக் காயம் பட்டுவிட்டது. அது கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு, சங்கிலியைத் தும்பிக்கையால் தூக்கி இடமும் வலமுமாகச் சுழற்றியபடி ஓட, எதிரே வந்தது ஹைதரின் குதிரைப்படை. குதிரைகள் திரும்பித் தம் காலாட்படை மேலேயே ஏறி ஓடின. தாக்குதல் முடிந்தது. கட்டிப்போட்ட மிருகம் நகராது என்று எண்ணக் கூடாது என்பதை ஹைதர் கற்றுக்கொண்டது அந்த ராத்திரியில்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். சரித்திரப் பேராசிரியர்கள் மறுத்தால் மறுக்கட்டும்.

செப்டம்பரில் ஹைதரே சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார். பாராமகாலைத் தருகிறேன், பத்து லட்சம் ரூபாயும் தருகிறேன், போய்விடுங்கள் என்றார். பாராமகால் என்பது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமை. சண்டை போட்டுக் களைத்த ஒரு வியாபாரக் கம்பெனிக்கு இது கொள்ளை லாபம். ஆனால் கூடாரத்தில் நவாப் உட்கார்ந்திருக்கிறார், மைசூர் முழுசாக வேண்டும் என்கிறார். பிரதிநிதிகள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுப் பட்டியல் நீட்டினார்கள். ஹைதர் பேச்சை முறித்துக்கொண்டு போனார். இரண்டு சதவீதம் அதிகம் கேட்டு ஓசூரில் நிலத்தை விற்காமல் விட்டுக் கைபிசைகிறவர்கள் இன்றைக்கும் உண்டு என்று ரியல் எஸ்டேட் நண்பர்கள் சொல்வார்கள்.

அதோடு விட்டார்களா? ஸ்மித் முல்பாகலில் வைத்திருந்த காவலை மாற்றிவிட்டு நவாபின் ஆட்களைப் போட்டார்கள் பிரதிநிதிகள். கோட்டை பேரம் பேசப்பட்டு ஹைதரிடம் போய்ச் சேர்ந்தது. அதை மீட்க அக்டோபர் தொடக்கத்தில் கர்னல் வுட் வந்தார். தெற்கே பொறுக்கியது போதாதென்று மேலே வரவழைத்திருந்தார்கள். ஒரு சின்னக் குதிரைக் கூட்டம் தென்பட்டது. அதைத் துரத்திக்கொண்டு போனார். பின்னால் ஹைதரின் மொத்தப் படையும் நின்றது. பாறைகளுக்கு நடுவில் வுட் வசமாக மாட்டி, அழியப்போகிற நேரத்தில், மூட்டை முடிச்சுகளுக்குக் காவலாகப் பின்னால் விடப்பட்டிருந்த கேப்டன் புரூக் ஒரு வேலை செய்தார். காயம்பட்டவர்களையும் சீக்காளிகளையும் கொண்டே இரண்டு பீரங்கிகளை ஒரு பாறை மேல் இழுத்து ஏற்றிச் சுட்டுக்கொண்டு, “ஸ்மித்! ஸ்மித்!” என்று எல்லோரையும் கத்தச் சொன்னார். ஸ்மித் வெகு தூரத்தில் இருந்தார். ஆனால் பேரைக் கேட்டதும் ஹைதரின் ஆட்கள் பின்வாங்கினார்கள், வுட்டின் ஆட்கள் தெம்பானார்கள். இல்லாத ராணியைக் காட்டி ஷெக் வைத்த ஒரே ஆட்டம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்மித்தின் பேருக்கே இவ்வளவு மதிப்பு என்று தெரிந்ததும் சென்னைக் கவுன்சில் என்ன செய்தது? நவம்பரில் ஸ்மித்தை ஆலோசனைக்கு என்று சென்னைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டது. நவாபும் பிரதிநிதிகளும் கூடவே கிளம்பினார்கள். படையை யாரிடம் ஒப்படைத்தார்கள் தெரியுமா? முல்பாகலில் பேரைக் கூவித் தப்பித்தவரிடம்.

அந்தச் செய்தி கேட்டு ஹைதர் பாயசம் வைத்திருப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட வேண்டுமென்றால் பேரின் முதல் எழுத்தை மட்டும், அதையும் தலைகீழாக, போடுவார் என்று சொல்வார்கள். ஆனால் கன்னடம், தெலுங்கு, மராத்தி, இந்துஸ்தானி, தமிழ் என ஐந்து பாஷை பேசுவார். ஓசூர்ச் சந்தையில் நின்று கத்திரிக்காய் வாங்க வேண்டிய எல்லாப் பாஷையும் அவரிடம் இருந்தது. வேவுக்காரர்கள் எந்தப் பாஷையில் வந்து சொன்னாலும் நேராகக் காதில் வாங்கிக்கொள்வார். வுட்டுக்கோ துபாஷி சொல்வதுதான் வேதம்.

இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்ததாகவும் ஒரு கதை உண்டு. இவ்வளவு பெரிய ராஜா, என் சின்னப் படையைப் பார்த்து ஓடி ஒளிகிறாயே, வெட்கமாக இல்லையா என்று வுட் எழுதினாராம். ஹைதர் சொல்லி அனுப்பிய பதிலின் சாரம் இது: என் குதிரை ஒன்று ஆயிரம் ரூபாய், உன் குண்டு ரெண்டு பைசா, அதற்கு இதை ஈடு வைக்க நான் என்ன கிறுக்கனா? கால் வீங்கும்வரை உன்னை நடக்க விடுவேன். சண்டை உண்டு, ஆனால் நாள் குறிப்பது நான். கதை நிஜமோ பொய்யோ, இதைவிடத் தெளிவாக எதிராளிக்கு யாரும் தன் திட்டத்தை முன்கூட்டிச் சொன்னதில்லை. வுட் அதைப் புரிந்துகொள்ளவில்லை.

நவம்பர் நடுவில் ஹைதர் ஓசூரை முற்றுகை போட்டார். உள்ளே கம்பெனியின் சிறு காவல்படை. இங்கேதான் பலகையைப் பார்க்க வேண்டும். ஓசூர்தான் நடுவில் நிற்கும் அந்தச் சிப்பாய். அதைச் சுற்றி ஹைதர் கூடாரம் அடித்து, பீரங்கி இறக்கி, பள்ளம் வெட்டி உட்கார்ந்திருக்கிறார். முற்றுகை போட்டவன் சட்டென்று எழுந்து போக முடியாது என்பது எல்லா ராணுவப் பள்ளிக்கூடத்துப் பாலபாடம். அதாவது, குதிரை கட்டிக்கிடக்கிறது. வுட் கணக்குப் போட்டார்: ராத்திரி நடந்து போய் முகாமில் பாய்ந்தால் ஹைதர் காலி, ஓசூர் மிச்சம்.

ராத்திரி நடக்கக் கனம் ஆகாது. ஆகவே வழியில் பாகலூரில் நிறுத்தினார். பாகலூர் ஒரு பாளையக்காரர் ஊர். சின்னக் கோட்டை, பக்கத்தில் பேட்டை. 18 பவுண்டு குண்டு போடும் பெரிய பீரங்கிகள் இரண்டு, கூடாரங்கள், மூட்டைகள், மாடுகள், படையோடு வந்த வியாபாரிகள், பெண்டு பிள்ளைகள் எல்லாவற்றையும் அந்தப் பேட்டையில் இறக்கி, கேப்டன் அலெக்சாண்டர் என்பவரிடம் ஒரு பட்டாளத்தைக் கொடுத்துக் காவல் வைத்தார். மீதிப் படையைக் கூட்டிக்கொண்டு இருட்டில் ஓசூருக்கு நடந்தார். நடுவில் தூரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இன்று ஷிஃப்ட் பஸ் நேரத்தில் பாகலூர் ஹட்கோ பக்கம் மாட்டியவர்கள், நடந்தே போன வுட்டைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

போய்ச் சேர்ந்தபோது பொழுது விடிந்திருந்தது. ஹைதரைக் காணோம். முற்றுகையாவது கிற்றுகையாவது, கட்டிக்கிடந்தவர் எழுந்து போய்விட்டார். வுட் ஓசூருக்குள் நுழைந்தார். சிப்பாயை வெட்டியாயிற்று. ராணியையே தூக்கிவிட்டதாகக்கூட நினைத்திருக்கலாம். ஹைதர் அலி தன் பேரைக் கேட்டே ஓடிவிட்டார் என்று எண்ணிக் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாரா என்பது தெரியாது. உட்கார்ந்திருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க முடியாது. பாகலூர்ப் பக்கமிருந்து சத்தம் கேட்டது.

ஹைதர் ஓசூரை விட்டு விலகி, வுட்டைத் தாண்டிப் பின்னால் போய், பாகலூர்ப் பேட்டையில் பாய்ந்திருந்தார். காவல் குதிரை வாசலை விட்டுப் போனதும் வந்த அந்த பிஷப்பேதான். இந்த இடத்தில் மட்டும் என்னால் கேலி செய்ய முடியவில்லை. பேட்டையிலிருந்த கூட்டம் உயிருக்குப் பயந்து கோட்டை வாசலுக்கு ஓடியது. ஆளும் மாடும் ஒன்றாக முண்டிய நெரிசலில் பெண்களும் குழந்தைகளுமாக ஏராளமானோர் மிதிபட்டும் நசுங்கியும் செத்தார்கள். யுத்தத்தில் யார் பக்கமும் இல்லாதவர்கள். தளபதிகளின் கணக்குப் புத்தகத்தில் பீரங்கிகளுக்கு எண்ணிக்கை உண்டு, இவர்களுக்கு உத்தேசம்தான்.

வுட் அலறியடித்துத் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பெரிய பீரங்கிகள் இரண்டும், மூட்டை முடிச்சுகளில் பெரும்பங்கும் பெங்களூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தன. இந்த எல்லையில் பொருள்கள் பெங்களூர்ப் பக்கம் போவது அன்றைக்கே தொடங்கிவிட்டது. அப்போது அத்திப்பள்ளியில் செக்போஸ்ட் இல்லை, பில் கேட்க ஆளில்லை. வுட்டிடம் மிச்சமிருந்தது ஓசூர். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் அங்குமிங்கும் நடந்தார். சில நாளில் வழியில் ஹைதர் மறுபடி சுற்றி வளைத்துக் குண்டுமாரி பொழிந்தார். மேஜர் ஃபிட்ஸ்ஜெரால்ட் தம் படையோடு ஓடிவந்து காப்பாற்றினார். முல்பாகலில் இல்லாத ஸ்மித், இங்கே இருந்த ஃபிட்ஸ்ஜெரால்ட்: ஒவ்வொரு தடவையும் வுட்டைக் காப்பாற்ற வேறு யாராவது வேண்டியிருந்தது. கவுன்சில் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கிச் சென்னைக்கு வரவழைத்தது.

வுட்டின் மேல் பழி போடுவது சுலபம், சரித்திரப் புத்தகங்கள் போட்டுவிட்டன. எனக்கென்னவோ அவர் மேல் அவ்வளவு கோபம் இல்லை. மாயெட்டைப் போலவே அவரும் கண்ணுக்குத் தெரிந்ததைக் கணக்குப் பண்ணினார். கணக்கு தப்புமில்லை. ஹைதர் முற்றுகையில் கட்டுண்டுதான் இருந்தார், அதை விட்டு எழுந்தால் ஓசூர் போகும் என்பதும் நிஜம். போகட்டும் என்று ஒருவர் முடிவு செய்வார் என்பதுதான் கணக்கில் வரவில்லை. நல்ல ஆட்டக்காரரை நடு ஆட்டத்தில் எழுப்பிவிட்டு இவரை உட்கார வைத்தது கவுன்சில். பாராமகாலும் பத்து லட்சமும் போதாது என்றதும் அதே கவுன்சில். பொறியில் விழுந்தது வுட். பொறிக்குள் தேங்காய்ச் சில்லைத் தேடச் சொல்லி அனுப்பியது சென்னை.

அப்புறம் சரிவுதான். மேலே பிடித்த இடம், கீழே பிடித்த கோட்டை, தெற்கே வுட் பொறுக்கியவை எனப் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக ஹைதரிடம் திரும்பின. 1769இல் ஸ்மித்தை மறுபடி படைக்கு அனுப்பினார்கள். ஸ்மித் துரத்தத் துரத்த ஹைதர் தெற்கே இழுத்துக்கொண்டு போனார். மார்ச் கடைசியில் தன் கனமான படையையும் மூட்டைகளையும் வேறு பக்கம் அனுப்பிவிட்டு, 6,000 குதிரைகளோடு மூன்றரை நாளில் 130 மைல் ஓடிப் பரங்கிமலையில் வந்து நின்றார். ராஜாவுக்கு ஷெக். ஆட்டம் முழுக்க எதிராளியின் பாதிப் பலகையிலேயே நடக்கும் என்று நம்பியிருந்த கவுன்சில் மொட்டை மாடியிலிருந்து குதிரைகளைப் பார்த்தது. ஸ்மித்தை நின்ற இடத்தில் நிற்கச் சொல்லுங்கள், பேச டூப்ரே என்பவரை அனுப்புங்கள் என்றார் ஹைதர். இரண்டும் நடந்தன. எதிராளியின் காயை எதிராளியே நகர்த்தாமல் இருக்க வைப்பது சதுரங்க விதியில் கிடையாது. ஹைதருக்குக் கிடைத்தது.

சென்னைக் கோட்டை வாசலில் ஹைதர் ஒரு படம் வரையச் சொன்னதாகவும் கதை இருக்கிறது. கவர்னரும் கவுன்சிலும் மண்டியிட்டு நிற்க, டூப்ரேயின் மூக்கை ஹைதர் பிடித்து இழுக்கிறார். மூக்கு யானைத் தும்பிக்கை மாதிரி நீண்டிருக்க, அதிலிருந்து வராகன்கள் கொட்டுகின்றன. பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதி வைத்த கதை, எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்பலாம். ஆனால் யானைப் பொறிக்கு ஒரு யானை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டக்கூடிய யானை இதுதான்.

1769 ஏப்ரல் தொடக்கத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நீ பிடித்ததை நீ கொடு, நான் பிடித்ததை நான் கொடுக்கிறேன். மைசூரைக் கேட்டுக் கிளம்பிய நவாபுக்கு மைசூர் இல்லை. பாராமகால் ஹைதரிடமே. ஓசூர், கோலார், முல்பாகல், எதுவும் கம்பெனிக்கு இல்லை. யாராவது ஒருவரை வேறு யாராவது தாக்கினால் மற்றவர் துணைக்கு வர வேண்டும் என்று ஒரு ஷரத்தும் போட்டார்கள். கொஞ்ச நாளில் மராட்டியர்கள் மைசூர் மேல் வந்தபோது ஹைதர் அதை நினைவூட்ட, கம்பெனிக்கு அந்த ஷரத்து நினைவில் இல்லாமல் போனது. அதன் விளைவாக 1780இல் அவர் மறுபடி கீழே இறங்கி வந்தது தனிக் கதை.

ராணிக்கு ராணி, பிஷப்புக்கு பிஷப் கழித்துவிட்டால் 20 மாத யுத்தத்தில் ஒரே ஒரு காய்தான் கை மாறியது. கரூர். அதற்கு முன் நவாப் பக்கம் இருந்தது, அதற்குப் பின் ஹைதருக்கு.